மூன்று சுழியும் தெரிய: தமிழ்த் தலைப்புக்கு ஒடுக்கமான தடித்த எழுத்து

வண்ணாரப்பேட்டை. எண்ணிப் பார்த்தால் எட்டு எழுத்து. அச்சில் வைக்கும்போது பதினோரு துண்டு. துணைக்கால் தனி, இரட்டைக்கொம்பு தனி, சங்கிலிக்கொம்பு தனி. புள்ளிகள் கணக்கில் இல்லை. ஏ2 தாளின் அகலம் 420 மி.மீ. இரண்டு பக்கமும் 20 மி.மீ. ஓரம் விட்டால் மிச்சம் 380. அதைப் பதினொன்றால் வகுத்தால் ஒரு துண்டுக்குச் சராசரியாக 34.5 மி.மீ. கிடைக்கிறது. சாதாரண அகலமுள்ள போல்டு எழுத்தில் இதை வைத்தால் சொல் பக்கவாட்டில் தாளை நிரப்பிவிடும், ஆனால் உயரம் இருக்காது. மேலும் கீழும் தாள் வெறுமையாகக் கிடக்கும். சாலைக்கு எதிர்ப்புறம் நிற்பவர் கண்ணில் படாது.

இதற்குத்தான் ஒடுக்கமான தடித்த எழுத்து. அகலத்தைக் குறைத்து, மிச்சமாகும் இடத்தை உயரத்துக்குக் கொடுப்பது அதன் வேலை. ஆங்கிலத்தில் இந்த வகை 19-ஆம் நூற்றாண்டின் மரஅச்சுப் போஸ்டர்களில் பெருகியது. 1903-இல் மோரிஸ் ஃபுல்லர் பெண்டன் வரைந்த ஆல்டர்னேட் காதிக், 1965-இல் ஜெஃப்ரி லீ வரைந்த இம்பாக்ட் என்று அந்த வரிசை நீள்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பல வெறும் தூண்களும் சட்டங்களும்தான். எவ்வளவு நெருக்கினாலும் தாங்கும். தமிழில் நிலைமை வேறு. ண-வின் மூன்று சுழிக்கும் உள்ளே வெள்ளை இருந்தாக வேண்டும். அந்த வெள்ளை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு ஒடுக்கம் என்று முடிவு செய்ய வேண்டும். எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புவதுவரை இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

அழுத்திக் குறுக்காதீர்கள்

சாதாரண எழுத்தை எடுத்து, கிடை அளவை 70 சதவீதம் ஆக்குவதுதான் நம் போஸ்டர்களில் அதிகம் காணும் தவறு. அதில் என்ன நடக்கிறது என்று அளவோடு பாருங்கள். ஒரு ண-வின் நிமிர்ந்த கோடு 10 மி.மீ. தடிமன், கிடைக் கோடு 8 மி.மீ., சுழிக்குள் உள்ள வெள்ளை 4 மி.மீ. என்று வையுங்கள். 70 சதவீதத்துக்கு அழுத்தியதும் நிமிர்ந்த கோடு 7 ஆகிறது, கிடைக் கோடு 8-லேயே நிற்கிறது. எழுத்தைத் தாங்க வேண்டிய தூண் மெலிந்து, கூரை கனக்கிறது. வளைவுகள் பக்கவாட்டில் நசுங்கிய முட்டைபோல ஆகின்றன. உள்வெள்ளை 2.8 மி.மீ. ஆகிவிட்டது. மெலிந்ததை ஈடுகட்ட எழுத்தைச் சுற்றி 1 மி.மீ. கோடு போட்டுத் தடிப்பாக்குவார்கள். அந்தக் கோட்டில் பாதி உள்பக்கம் வரும், இரு புறமும் அரை அரையாக. 2.8 இப்போது 1.8. நாலு மி.மீ. வெள்ளையில் பாதிகூட மிஞ்சவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அது ண-வா ன-வா என்று சொல்ல முடியாது.

ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்தில் வடிவமைப்பாளர் இதை வேறு வழியில் தீர்த்திருப்பார். நிமிர்ந்த கோட்டின் தடிமனைக் காப்பாற்றி, கிடைக் கோடுகளையும் சுழிக்குள் மடங்கும் நுனிகளையும் மெலிய வைத்திருப்பார். ட, ப, ய போன்ற பெட்டி எழுத்துகளை நன்றாக ஒடுக்கி, ண, ஞ, ஔ போன்றவற்றுக்கு அகலம் விட்டுக்கொடுத்திருப்பார். எல்லா எழுத்தையும் ஒரே விகிதத்தில் குறுக்கும் மென்பொருளால் இதைச் செய்ய முடியாது.

எந்த எழுத்துரு

இலவசமாகக் கிடைப்பதில் இந்த வேலைக்கு முதலில் எடுக்க வேண்டியது அனெக் தமிழ். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கி 2022-இல் கூகுள் ஃபான்ட்ஸில் வெளியானது. மாறுநிலை எழுத்துரு, அதாவது ஒரே கோப்புக்குள் தடிப்பு 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை நகரும். அகலம் 75-ஐத்தான் பட்டியலில் 'கண்டென்ஸ்டு' என்றும், தடிப்பு 800-ஐ 'எக்ஸ்ட்ராபோல்டு' என்றும் காண்பீர்கள். திறந்த உரிமம் என்பதால் வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

நோட்டோ சான்ஸ் தமிழ் இதைவிடவும் ஒடுங்கும். அகலம் 62.5 வரை இறங்கும், தடிப்பு 900 வரை ஏறும். இரண்டையும் ஒரே நேரத்தில் கடைசிவரை தள்ளாதீர்கள். 62.5 அகலம் வேண்டுமென்றால் தடிப்பை 700 பக்கம் நிறுத்துங்கள். 900 தடிப்பு வேண்டுமென்றால் அகலத்தை 75-க்கு மேல் வையுங்கள். நோட்டோ வாசிப்புக்காக அடக்கமாக வரையப்பட்டது. போஸ்டரில் அதற்கு அனெக்கின் துடிப்பு இல்லை. அரசு அறிவிப்பு, மருத்துவமனைப் பலகை போன்ற இடங்களில் அந்த அடக்கமே நல்லது.

கட்டமரன், பலூ தம்பி, முக்தா மலர் ஆகியவற்றில் நல்ல தடிப்பு உண்டு, ஒடுக்க வகை கிடையாது. அவற்றை அவற்றின் அகலத்திலேயே, சின்னச் சொல்லுக்குப் பயன்படுத்துங்கள். ஆன்டன், பெபாஸ் நியூ, ஆஸ்வால்டு ஆகியவற்றில் தமிழ் எழுத்தே இல்லை. அவற்றைத் தேர்ந்தெடுத்துத் தமிழ் அடித்தால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவைச் செருகும். 'பெபாஸில் தமிழ் வருகிறதே' என்று நினைத்துக் கோப்பை அனுப்பினால், அச்சகக் கணினியில் அது இன்னொன்றாக மாறி நிற்கும்.

டி.டி.பி. கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் ஓடுகின்றன. அவற்றில் அழகான ஒடுக்கத் தடிப்புகள் உண்டு, கடைக்காரர்கள் விடாததற்கு அதுதான் காரணம். ஆனால் அந்த உரையை இணையத்துக்கு நகலெடுத்தால் குப்பையாக வரும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடையும் டேஸ்16 என்ற 16-பிட் தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது ொ, ோ, ௌ வரும் சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மாற்றிகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

மென்பொருளை முதலில் சரிசெய்யுங்கள்

இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் என்று போய் இந்திய மொழி விருப்பங்களை இயக்குங்கள். பிறகு பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் & சவுத் ஏஷியன்' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் அதே இடத்தில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்று இருக்கும். ஃபோட்டோஷாப்பில் டைப் அமைப்புக்குள் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் பேட்டையின் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே மிதக்கும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை.

தடிப்பையும் அகலத்தையும் கேரக்டர் பலகத்தில் உள்ள மாறுநிலைச் சறுக்கிகளால் மட்டுமே மாற்றுங்கள். அதே பலகத்தில் கிடை அளவு, நெடு அளவு என்று இரண்டு சதவீதப் பெட்டிகள் இருக்கும். இரண்டும் 100-இல் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய கோப்பைத் திறந்து வேலை செய்பவர்கள் இந்தப் பெட்டியில் முன்பு யாரோ போட்ட 80-ஐக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இணையப் பக்கத்துக்கு என்றால் இன்னொரு எச்சரிக்கை. எழுத்துருக் கோப்பில் 800 தடிப்பு இல்லாமல் பக்கத்தில் மட்டும் 800 என்று கேட்டால், உலாவி தானே எழுத்தை ஊதித் தடிப்பாக்கும். ஃபான்ட்-சிந்தெசிஸ் என்ற பண்பை 'நன்' என்று வைத்தால் இந்தப் போலித் தடிப்பு நிற்கும், கோப்பு ஏறவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும்.

சோதனைச் சொற்கள்

எழுத்துருவையும் தடிப்பையும் முடிவு செய்யுமுன் கீழுள்ள ஜோடிகளை அடித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

மனம் – மணம்
கொடி – கோடி
பெட்டி – பேட்டி
எரி – ஏரி
ஒடு – ஓடு
கலை – களை
விடு – வீடு
முடி – மூடி

இவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு சுழியாலோ சிறு வாலாலோ வேறுபடுகின்றன. 'கோடி' நம் தலைப்புகளில் நாள்தோறும் வரும் சொல். இரட்டைக்கொம்பின் மேல்சுழி அடைந்துபோனால் அது 'கொடி'. ஏ-யின் காலும் ஓ-வின் சுழியும் ஒடுக்கத் தடிப்பில் மிகச் சின்னதாகிவிடுகின்றன. முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

பார்க்கும் முறை இது. ஏ2 போஸ்டரை 6 மீட்டரிலிருந்து படிக்க வேண்டும் என்றால், அதைப் பாதி அளவாக ஏ4-இல் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அளவும் தூரமும் ஒரே விகிதத்தில் குறைவதால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. ஜோடியை அறியாத ஒருவரை அழைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வடிவமைத்தவர் கண் தனக்குத் தெரிந்த சொல்லைத்தான் படிக்கும்.

ஜோடி குழம்பினால் அகலத்தைத் தொடாமல் தடிப்பை 800-லிருந்து 760, 720 என்று இறக்குங்கள். பெரும்பாலும் 700-க்கு வருவதற்குள் சுழிகள் திறந்துவிடும். அப்போதும் திறக்காவிட்டால் அகலத்தை 75-லிருந்து 80 ஆக்குங்கள். பெரிய போஸ்டருக்கு 800 சரியாக இருந்த அதே எழுத்துரு, 40 பாயின்டுக்குக் கீழே உபதலைப்பாக வரும்போது 650-க்கு மேல் தாங்காது. ஆகவே ஒரே தடிப்பை எல்லா அளவுக்கும் பூட்டி வைக்காதீர்கள்.

உயரக் கணக்கு

பலகை எழுதுபவர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்று கணக்கு வைப்பார்கள். தமிழுக்கு க-வின் உடல் உயரத்தை அளவாக எடுத்து, அதை மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். 30 அடி தூரத்துக்கு 4 அங்குலம். சொல்லில் ண, ஞ, ணை போன்றவை இல்லையென்றால் 3 அங்குலமே போதும். 1 அங்குலம் 72 பாயின்ட். ஆனால் 72 பாயின்ட் எழுத்தின் க 1 அங்குலம் இருக்காது, அதற்கு மிகக் குறைவாகவே இருக்கும். 100 பாயின்டில் ஒரு க அச்சிட்டு அளந்து, அந்த விகிதத்தை எழுதி வைத்துக்கொண்டால் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை.

அகலம் 100-லிருந்து 75-க்கு இறங்கும்போது அதே 380 மி.மீ.-க்குள் எழுத்தின் உயரத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏற்ற முடியும். அதற்கும் மேல் உயரம் தேவை என்றால் தலைப்பை இரண்டாக உடைப்பதே வழி. இடம் போதவில்லை என்று ஒற்றெழுத்தை விழுங்குவது நல்ல வழியல்ல. 'புத்தகத் திருவிழா' என்பதில் அந்த த் பிடிக்கும் இடம் சில மி.மீ. அதை விட்டால் தலைப்பே பிழை, அதுவும் நாலு அங்குல உயரத்தில்.

வரிகளை அடுக்குதல்

ஆங்கிலப் பெரிய எழுத்துத் தலைப்பில் மேலே நீட்டுவதும் கீழே தொங்குவதும் அநேகமாக இல்லை. வரிகளைச் செங்கல்போல அடுக்கலாம். தமிழில் த, ந, ர, ற, ழ, பு, சு எல்லாம் கீழே இறங்கும். புள்ளியும் மேல்விலங்கும் மேலே ஏறும். மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் ஒட்டினால் இரண்டும் கெடும்.

'வண்ணாரப்பேட்டையில் / புத்தகத் திருவிழா' என்ற இரண்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் கீழே இறங்குவது ர மட்டும். இரண்டாம் வரியில் மேலே ஏறுபவை இரண்டு த்-இன் புள்ளிகளும் மேல்விலங்குகளும். அவை ர-வுக்கு நேர்கீழே வராமல் பார்த்துக்கொண்டால் வரிகளை நன்றாக நெருக்கலாம். இதையே தலைகீழாக வைத்துப் பாருங்கள். பு, த, ரு, ழ எல்லாம் தொங்க, அவற்றுக்குக் கீழே ண், ப், ட், ல் என்று நாலு புள்ளிகள் நிற்கும். இடைவெளியைக் கூட்டாமல் தப்ப முடியாது. வாசகத்தில் கைவைக்க உரிமை இருந்தால் வரிசையை இப்படி யோசித்து மாற்றுவது, எந்தக் கெர்னிங்கைவிடவும் (இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தனியே சரிசெய்வது) பலன் தரும்.

எழுத்தளவில் 110 சதவீத வரி இடைவெளியில் தொடங்கி, இரண்டிரண்டு சதவீதமாக இறக்குங்கள். எங்கே முதல் மோதல் வருகிறதோ அங்கிருந்து ஒரு படி மேலே நிறுத்துங்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் மோதினால், எழுத்தை அவுட்லைன் (உரையாக இல்லாத வெறும் வடிவம்) ஆக்கியபின் அந்தப் புள்ளியைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தலாம். எழுத்தின் நடுவிலிருந்து அதன் விட்டத்தில் பாதிக்கு மேல் விலகினால் அடுத்த எழுத்தின் புள்ளியாகத் தோன்றும், கவனம்.

இரண்டு வரியும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டுமானால் ஒன்றை 75-லும் மற்றதை 82-லும் வைக்கலாம். பத்துக்கு மேல் வேறுபட்டால் இரண்டு எழுத்துரு கலந்ததுபோல் தெரியும். அகலம் கூடிய வரியில் நிமிர்ந்த கோடும் தடித்திருக்கும். தடிப்பை 20, 30 குறைத்துச் சமன்செய்யுங்கள்.

காலும் ர-வும்

வண்ணாரப்பேட்டையில் மோசமான இடம் 'ணார'. ண, கால், ர மூன்றும் வரிசையாக நிற்கின்றன. ஒடுக்கத் தடிப்பில் ர-வின் வால் குட்டையாகிவிட்டால் கால் இரண்டு நிற்பதுபோல் இருக்கும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் ஒரே வடிவாகச் சுழித்து எழுதப்பட்டன. அன்று இந்தச் சொல்லுக்குப் பத்துத் துண்டுதான், இந்தக் குழப்பமும் இல்லை. பழங்காலச் சாயல் வேண்டும் போஸ்டரில் அந்த வடிவை வரைந்து பயன்படுத்தலாம், மற்ற இடங்களில் இன்றைய வாசகர் தடுக்கி விழுவார்.

செய்ய வேண்டியது இடைவெளியைப் பிரித்துக் காட்டுவது. ண-வுக்கும் காலுக்கும் நடுவே உள்ளதைவிடக் காலுக்கும் ர-வுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும்படி அதிகம் இருக்க வேண்டும். கெர்னிங்கில் கால், ர இடையே 15 முதல் 20 கூட்டுங்கள். ணா-வுக்குள் கர்சர் நுழையாது என்றால் அவுட்லைன் ஆக்கியபின் காலைக் கையால் ண-வின் பக்கம் நகர்த்துங்கள்.

டிராக்கிங்கை, அதாவது எல்லா எழுத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை, மொத்தமாகக் கூட்டுவது தமிழுக்கு ஆபத்து. சில மென்பொருள்கள் எழுத்துக்கு எழுத்து இடம் விடாமல் துண்டுக்குத் துண்டு விடும். 'போ' என்பது கொம்பு, ப, கால் என்று மூன்றாகச் சிதறும். கூட்டியே ஆக வேண்டுமென்றால் 20-க்குள் நிறுத்துங்கள். குறைப்பதானால் −10 வரை. அதற்குக் கீழே சுழிகள் ஒன்றையொன்று தொடும்.

எண்ணும் ஆங்கிலமும் கலந்தால்

'2026', 'சி.எம்.டி.ஏ.' போன்றவை தலைப்பில் வரும். பின்னதைத் தமிழிலேயே எழுதினால் சிக்கல் இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்தாகவோ எண்ணாகவோ வந்தால் அவை தமிழின் உடலைவிட உயரமாக நின்று உறுத்தும். எழுத்தளவை 90 சதவீதம் ஆக்கி, மெலிந்ததை ஈடுகட்டத் தடிப்பை ஒரு படி கூட்டுங்கள். ப-வின் நிமிர்ந்த கோட்டையும் எண் 1-இன் கோட்டையும் அருகருகே வைத்துத் தடிமன் ஒத்துப்போகும்வரை சரிசெய்தால் போதும்.

சுற்றுக்கோடும் நிழலும்

எழுத்தைச் சுற்றி வண்ணக்கோடு போடும்போது அது எழுத்தின் விளிம்பில் நடுவாக விழும். 6 பாயின்ட் கோட்டில் 3 பாயின்ட் உள்ளே வந்து சுழிகளைத் தின்னும். இல்லஸ்ட்ரேட்டரின் அப்பியரன்ஸ் பலகத்தில் கோட்டை நிரப்புவண்ணத்துக்குக் கீழே இறக்கி வையுங்கள். உள்பாதி மறைந்து வெளிப்பாதி மட்டும் தெரியும், எழுத்தின் தடிமன் அப்படியே நிற்கும். ஆனால் சுழிக்குள் உள்ள வெள்ளையிலும் அந்த வண்ணம் புகும். 5 மி.மீ. வெள்ளைக்குள் இருபுறமும் 2 மி.மீ. கோடு நுழைந்தால் மிச்சம் 1 மி.மீ. கறுப்பு எழுத்துக்கு மஞ்சள்போல, எழுத்தோடு நன்றாக எதிர்நிற்கும் நிறத்தைக் கோட்டுக்குக் கொடுத்தால், அந்த நிறமே சுழியின் உள்வெளியாக நின்று வடிவைக் காப்பாற்றும். எழுத்தும் கோடும் அடர்நிறமாக இருந்தால் எல்லாம் அடைந்துபோகும்.

அச்சுக்கு அனுப்பும்போது

மை பரவும். செய்தித்தாள் தாளில் ஆஃப்செட் என்றால் மிகச் சின்ன சுழியின் உள்வெள்ளை அரை மி.மீ.-க்குக் குறையக் கூடாது, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் 1 மி.மீ. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் நிலைமை தலைகீழ். மை வெளியிலிருந்து எழுத்துக்குள் பரவும், மெல்லிய சுழிநுனிகள் அறுந்துபோகும். அங்கே தடிப்பை ஒரு படி கூட்டி வைப்பதே சரி.

கறுப்புத் தலைப்பை நாலு வண்ணமும் கலந்த கறுப்பாக வைக்காதீர்கள். தகடுகள் கால் மி.மீ. விலகினாலும் சுழிக்குள் சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கும். தனிக் கறுப்பு 100 சதவீதம் போதும். பெரிய பரப்பில் வெளிறித் தெரிந்தால் அடியில் சயான் 40 சதவீதம் மட்டும் சேருங்கள்.

கோப்பைக் கொடுக்குமுன் எழுத்தை அவுட்லைன் ஆக்குங்கள். திருத்தம் வரும் என்பதால் உரையாக உள்ள கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மாறுநிலை எழுத்துருக்களில் ஒரே எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல துண்டுகளால் ஆகியிருக்கும். நிரப்பிய எழுத்தாக இருக்கும்வரை இது தெரியாது. சுற்றுக்கோடு போட்டாலோ, வினைல் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினாலோ எழுத்தின் நடுவே கோடுகள் கிளம்பும், கத்தி அங்கேயும் வெட்டும். பாத்ஃபைண்டரில் 'யுனைட்' கொடுத்து ஒவ்வோர் எழுத்தையும் ஒன்றாக்குங்கள். முடிந்ததும் காட்சியை வெறும் அவுட்லைன் நிலைக்கு மாற்றி ண, ஞ, பே, டை நான்கையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றாக்கும்போது சில நேரம் சுழியின் உள்வெளி நிரம்பிவிடும். அப்படி நிரம்பியிருந்தால் பின்வாங்கி அந்த எழுத்தை மட்டும் தனியே ஒன்றாக்கி, பிறகு கோப்பைச் சேமியுங்கள்.